நாலெல்லையும் பதினோரு பொய்ச் சாட்சியும்

பவித்ரா, தினேஷ், நான் எழுதிய எதையும் நீங்கள் இதுவரை படித்ததில்லை. அது உங்கள் தப்பில்லை. இத்தனை வருசமாக நான் எழுதியதெல்லாம் 'உயர்திரு ஐயா அவர்களுக்கு' என்று ஆரம்பித்து 'இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள' என்று முடிகிற மனுக்கள்தான். நடுவில் இருப்பது யாரோ ஒருவருடைய குறை. பத்திரிகையில் அச்சாகி வந்தாலாவது எடுத்துப் பார்ப்பீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மனிதரைப் பற்றி, உங்களுக்குத் தெரியாத ஒரு சங்கதி இது.

உலகத்தில் புத்தகம் படிக்கிறவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். படித்ததில் பிடித்த வரிக்கு அடியில் கோடு போடுகிறவர்கள் லட்சம் பேர் இருப்பார்கள். ஒரு வரி தனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்கு ரெண்டு சாட்சி வேண்டும் என்று நினைத்த மனிதர், எழுத்து என்று ஒன்று உண்டான நாள் முதல் இன்று வரை, ஒரே ஒருவர்தான். அவர் திருச்சுழியில் நம் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் கடை கம்ப்யூட்டர், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்கிற கடை. எதிரே பத்திரப் பதிவு அலுவலகம். அந்த அலுவலகத்தை நம்பிப் பிழைத்த பத்திர எழுத்தர்களில் ஒருவர்தான் நம் கதாநாயகர். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் நாலெல்லை.

நிலத்தை விற்றுப் பத்திரம் எழுதும்போது வடக்கே யார் நிலம், தெற்கே எந்த ஓடை என்று நான்கு எல்லையும் எழுதுவார்கள் அல்லவா? அப்படியே எழுதி எழுதி, எல்லை சொல்லாமல் எதையும் சொல்ல முடியாத நிலைக்கு அவர் வந்துவிட்டார். டீக்கடையில் போய் ஒரு வடை கொடுங்கள் என்று கேட்க மாட்டார். "வடக்கே சட்டினி வாளி, தெற்கே அந்தக் கருகுன போண்டா, கிழக்கே கல்லாப்பெட்டி, மேற்கே உங்க வயிறு. இதுக்கு மத்தியில இருக்குல்ல, அந்த வடை" என்பார். டீக்கடைக்காரர் எல்லை பிடித்து எடுப்பதற்குள் வடை ஆறிப்போயிருக்கும்.

ஒருமுறை வயிற்று வலி என்று அருப்புக்கோட்டைக்குப் போனார். எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டிருக்கிறார். வடக்கே நெஞ்சுக்குழி, தெற்கே தொப்புள், மேற்கே பழைய ஆபரேசன் தழும்பு, கிழக்கே ஒன்றுமில்லை, புறம்போக்கு என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் நேராக விரலை வைத்த இடம் வலித்ததாம். எல்லோரும் இப்படிச் சொன்னால் ஸ்கேனே தேவையில்லை என்று டாக்டர் பாராட்டினாராம். இதை அவரே சொன்னார். சாட்சி இல்லாமல் அவர் சொன்ன ஒரே கதை இதுதான் என்பதால் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

இப்படிப்பட்டவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. புத்தகம் படிக்காமல் தூக்கம் வராத மனிதர். ஓசூரில் இருக்கிற அவர் மகள், எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிற மின்புத்தகக் கருவி ஒன்றை வாங்கி அனுப்பினாள். சாம்பல் நிறம், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. அதை அவர் 'சிலேட்டு' என்றார். ஒவ்வொரு எழுத்தையும் தீப்பெட்டி அளவுக்கு ஆக்கி வைத்துக்கொண்டார். ஒரு பக்கத்துக்குப் பதினைந்து வார்த்தைதான் நிற்கும். அவர் பக்கம் திருப்புகிற வேகத்தைப் பார்த்து, மனுசன் அறிவாளி என்று ஊரே நம்பியது.

அந்தச் சிலேட்டுக்குச் சார்ஜ் போட வேண்டும். அவர் உட்கார்ந்து எழுதுகிற பதிவு அலுவலக வேப்பமரத்தடியில் பிளக் பாயிண்ட் கிடையாது. அதனால் நம் கடைக்கு வந்தார். பிளக் பாயிண்ட்டைத் தேடி வந்தவர் மூன்று வருசம் உட்கார்ந்துவிட்டார்.

சிலேட்டில் ஒரு வசதி உண்டு. பிடித்த வரியின் மேல் விரலை வைத்து இழுத்தால் அந்த வரிக்குச் சாயம் பூசிக்கொள்ளும். ஹைலைட் என்பார்கள். அதன் கீழே குறிப்பும் எழுதிவைக்கலாம். மற்றவர்களுக்கு இது ஒரு வசதி. அவருக்கு இது சட்டப் பிரச்சினை ஆகிவிட்டது.

"பேனாவால கோடு போட்டா அது வெறும் கோடு தம்பி. விரல் வெச்சுட்டா அது கைநாட்டுல்ல" என்றார் என்னிடம். கைநாட்டு என்றால் ரெண்டு சாட்சி வேண்டும். சாட்சி இல்லாத கைநாட்டு செல்லாது.

அன்று பிடித்தது சனி. ஒரு வரி பிடித்துவிட்டால் விரலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு கடைக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பார். வருமானச் சான்றுக்கு வந்தவர், பட்டா மாறுதலுக்கு வந்தவர், வழி கேட்க வந்தவர், யாராக இருந்தாலும் ரெண்டு பேரைப் பிடித்து நிற்க வைத்து அந்த வரியைச் சத்தமாகப் படிப்பார். அவர்கள் தலையாட்டிய பிறகுதான் விரல் இறங்கும். அப்புறம் குறிப்பில் சாட்சிகள் பெயர். ஒருநாள் கடையில் ஈ காக்கை இல்லை. ரோட்டுக்குப் போய், எதிர்த்த அலுவலகத்தில் நிலம் கிரயம் முடிக்க வந்தவர்கள் கூட்டிவந்திருந்த ரெண்டு சாட்சிகளை இரவல் வாங்கி வந்துவிட்டார். அங்கே பெயர் கூப்பிட்டபோது ஆளைக் காணவில்லை. கிரயம் ஒரு மணி நேரம் தள்ளிப்போனது.

பிறகு ஒவ்வொரு வரிக்கும் எல்லை. அந்த வரியைப் படித்த நேரத்தில் தன்னைச் சுற்றி என்ன இருந்தது என்று நான்கு திசையும் எழுதுவார். 'கிழக்கு: ஜீப்பு வந்து நிக்கிது. மேற்கு: பவித்ரா புளிப்பு முட்டாய் தின்னுது. வடக்கு: அருப்புக்கோட்டை பஸ்ஸு. தெற்கு: மழை வராப்புல இருக்கு, வராது.' சிலேட்டில் பக்க எண்ணுக்குப் பதிலாக இடத்தைக் குறிக்கிற ஒரு நம்பர் வரும். அதை அவர் சர்வே நம்பர் என்று எடுத்துக்கொண்டார். ஒரே நம்பரில் ரெண்டு வரி பிடித்துவிட்டால் ஒன்று, ரெண்டு என்று உட்பிரிவு செய்துவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. மற்றவர்கள் நிறையப் பேர் கோடு போட்ட வரியைச் சிலேட்டே புள்ளிக்கோடு போட்டுக் காட்டும். இத்தனை பேருக்கு இந்த வரி பிடித்தது என்று எண்ணிக்கையும் சொல்லும். அப்படி ஒரு வரியை முதன்முதலில் பார்த்த அன்று சிலேட்டைப் படாரென்று மூடிவிட்டார்.

"முப்பத்தேழு பேரு அனுபவிச்சுட்டு இருக்கான் தம்பி. வில்லங்கம் பிடிச்ச வரி. நமக்கு வேண்டாம்."

அது நல்ல வரி என்று உங்கள் அம்மாவே சொன்னாள். அவர் கேட்கவில்லை. யாரும் தொடாத வரிகளாகத் தேடித் தேடி எடுத்தார். அதனால்தான் அவர் எடுத்த வரிகள் அத்தனை வினோதமாக இருந்தன.

இதெல்லாம் எனக்குச் சிரிப்பாக இருந்தது என்று நினைத்தால் தப்பு. எனக்கு வயிறு எரிந்தது.

பள்ளிக்கூடம் விட்டு நீங்கள் ரெண்டு பேரும் கடைக்கு வருவீர்கள். முன்பெல்லாம் பையைப் போட்டுவிட்டு நேரே என் மேசைக்கு வந்தவர்கள், அவர் வந்த பிறகு பெஞ்சோடு நின்றுவிட்டீர்கள். சாட்சிக்கு ஆள் கிடைத்த சந்தோசத்தில் அவர், வரி கிடைத்த சந்தோசத்தில் நீங்கள். தினேஷ், நீ ஒருநாள் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தபோது, இன்றைக்கு யார் சாட்சி போட்டார்கள் என்றுதான் என்னிடம் கேட்டாய். உனக்காக மருந்து வாங்கிக்கொண்டு அரக்கப்பரக்க ஓடிவந்த மனுசனிடம் கேட்கிற கேள்வியா அது?

பவித்ரா, உன் கதை அதைவிட மோசம். பேச்சுப் போட்டியில் கடமை பற்றிப் பேசினாய். 'கப்பல் மூழ்கும்போதும் சமையல்காரன் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வெளியே வந்தான்' என்று அவர் எடுத்த வரியை நீ சொன்னதும் மண்டபமே கைதட்டியது. முதல் பரிசு. மேடையிலேயே நாலெல்லைத் தாத்தாவுக்கு நன்றி சொன்னாய். கடைசி வரிசையில் நானும் கைதட்டினேன். உன் கையில் இருந்த அந்தச் சான்றிதழ் நம் கடையில் நான் அச்சடித்தது. உன் பெயரை நானே தட்டி, எழுத்துப் பிழை இருக்கக் கூடாது என்று மூன்று தடவை பார்த்தது. அதற்கு யாரும் கை தட்டவில்லை. தட்ட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை என்றுதான் எழுத நினைத்தேன். எதிர்பார்த்தேன்.

நான் பிளஸ் டூ. அதற்கு மேல் ஒரு வருசம் டைப்பிங். பாடப் புத்தகம் தவிர ஒரு புத்தகத்தையும் முழுதாக முடித்தவன் இல்லை. அவர் மாதிரி ஒரு வரியைச் சொல்லி உங்களை வாய் பிளக்க வைக்க எனக்கு வராது. பொறாமை என்பது இருக்கிற இடத்தில் சும்மா இருக்காது. அவர் சார்ஜ் போட்டிருக்கும்போது எனக்கு அந்தப் பிளக் கண்டிப்பாக வேண்டும் என்று ரெண்டு மூன்று தடவை பிடுங்கியிருக்கிறேன்.

போன ஆடியில் ஒருநாள், சிலேட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு முகம் வாடி வந்தார். மகள் ஓசூருக்குக் கூப்பிடுகிறாளாம். கண் ஆபரேசன், அப்புறம் அங்கேயே இருக்க வேண்டும். புதுச் சிலேட்டும் வாங்கி வைத்திருக்கிறாள். பழையது அடிக்கடி உறைந்து போய் நிற்கிறது, எந்த நேரமும் செத்துவிடலாம். வயர் மாட்டி அவராக ஏற்றிய புத்தகங்களின் குறிப்புகள் தானாகப் புதியதற்குப் போகாதாம்.

"இதுல இருக்கிறது பூராத்தையும் கம்ப்யூட்டருக்கு மாத்திக் குடுத்துருங்க தம்பி. நூலகம் மாதிரி. எந்த வரின்னு கேட்டாலும் எடுக்கிற மாதிரி" என்றார்.

அஞ்சு நிமிட வேலை என்று நினைத்து வயரை மாட்டினேன். சிலேட்டுக்குள் ஒரே ஒரு கோப்பு. அதில்தான் மூன்று வருசமும் வரிசையாகக் கிடந்தது. புத்தகத்தின் பெயர், சர்வே நம்பர், தேதி, வரி. குறிப்பு தனியாக, வரி தனியாக. கம்ப்யூட்டரில் புத்தகங்களை அடுக்கி வைக்கிற நூலக மென்பொருள் ஒன்றை இறக்கினேன். அது குறிப்புகளைத் தானாக உறிஞ்சிக்கொள்ளும் என்று போட்டிருந்தது. உறிஞ்சியது. ஆனால் எது எதோடு என்று தெரியாமல் உறிஞ்சியது. சமையல் குறிப்புக்குக் கீழே ஜீப்பு வந்து நின்றது.

அதுபோக, ஒரு வரிக்குக் கோடு போட்டுவிட்டு அப்புறம் அதைக் கொஞ்சம் நீட்டியிருந்தால், பழையதும் இருந்தது, நீட்டியதும் இருந்தது. அவரிடம் காட்டினேன். கதிகலங்கிப் போனார்.

"பழைய பத்திரத்த ரத்துப் பண்ணாமப் புதுசு போட்டிருக்கா? ஒரே சொத்துக்கு டபுள் டாக்குமெண்டா? தம்பி, ஜெயிலு."

சிலேட்டை ஜெயிலில் போட முடியாது என்று சமாதானம் சொன்னேன். இன்னொரு நாள், சிலேட்டில் இருப்பது அசல், கம்ப்யூட்டருக்கு வருவது நகலா என்று கேட்டார். ரெண்டுமே அசல் மாதிரிதான், வித்தியாசம் கிடையாது என்றேன். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

பெரிய வேலை வேறொன்று இருந்தது. சிலேட்டில் தமிழில் எழுத வழியில்லாததால் குறிப்புகளை எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக எழுதிவைத்திருந்தார். 'vadakku', 'saatchi', 'mittaai'. அத்தனையையும் தமிழில் மாற்றி, அதனதன் வரிக்குக் கீழே நான் உட்கார்ந்து தட்ட வேண்டும். ரெண்டாயிரத்துச் சொச்சம் வரி. மூன்று வாரம். கடை வேலைக்கு நடுவே, மனுக்காரர்களை உட்கார வைத்துவிட்டு.

முதல் நாளே சாட்சிகள் பெயரைப் பார்க்க ஆரம்பித்தேன். பவித்ரா, பவித்ரா, தினேஷ், டீக்கடைக்காரர், பவித்ரா, வட்டிக்கடை அண்ணாச்சி, தினேஷ். உங்கள் அம்மாவும் இருந்தாள். எனக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தவள், போகிற வழியில் நாற்பது வரிக்குச் சாட்சி போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூரியர் கொண்டுவருகிற பையன் பெயர்கூட ஏழு இடத்தில் இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கோப்பில் என் பெயரைப் போட்டுத் தேடினேன். முனியசாமி. ஒன்றும் இல்லை. அவர் எழுத்துப்பிழையாக எழுதியிருப்பார் என்று நானே எட்டு விதமாக எழுதிப் பார்த்தேன். இல்லை. கம்ப்யூட்டர்க்காரர் என்று தேடினேன். இல்லை. ஜெராக்ஸ் என்று தேடினேன். ஒரே ஒரு இடம் வந்தது. 'தெற்கு: ஜெராக்ஸ் கடை ஃபேன் சத்தம்.'

மூன்று வருசம் அவருக்குக் கரண்டு கொடுத்தவன் நான். எல்லைக்குள் வந்தது ஃபேன்.

பிள்ளைகளே, இனிமேல்தான் உங்களுக்குத் தெரியாத சங்கதி வருகிறது. இதைப் படித்துவிட்டு உங்கள் அப்பாவைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தேடியும் சில வரிகளுக்கு ஒரே ஒரு சாட்சிதான் கிடைத்திருந்தது. அந்த இடங்களில் அவர் 'நிலுவை' என்று எழுதி, ரெண்டாம் சாட்சியைக் காலியாக விட்டிருந்தார். மொத்தம் பதினோரு இடம். தமிழில் மாற்றித் தட்டும்போது அந்தப் பதினோரு இடத்திலும் 'முனியசாமி' என்று தட்டிவிட்டேன். காலி இடம்தானே, யாருக்கு என்ன நட்டம் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். இந்த நூலகம் நம் கம்ப்யூட்டரில் இருக்கும். என்றைக்காவது நீங்கள் திறந்து பார்ப்பீர்கள். அப்பா பெயரும் இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், வேலை முடிந்ததா என்று பார்க்க அவர் வந்தார். நல்லவேளை, நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். திரையில் எழுத்தைத் தீப்பெட்டி அளவுக்கு ஆக்கிக் கொடுத்தேன். மூக்கு திரையில் உரசுகிற அளவுக்குக் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நடுநடுவே பிரமாதம் என்று சொன்னார். ஒரு இடத்தில் நின்றார். ரொம்ப நேரம் நின்றார்.

"தம்பி. இது நான் மல்லாங்கிணறு போற பஸ்ஸுல வெச்சு எடுத்த வரி."

ஆமாம் என்றேன்.

"கிழக்கே டிரைவரு. மேற்கே பின்படி. தெற்கே ஜன்னலு, வெயிலு. வடக்கே ஆட்டுக்குட்டியோட ஒரு ஆத்தா. மொதச் சாட்சி கண்டக்டரு. அந்த ஆத்தா தூங்கிருச்சு, அதான் நிலுவைல போட்டேன்."

நான் மவுசை நகர்த்தி அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தேன்.

"ரெண்டாஞ் சாட்சி முனியசாமின்னு இருக்கு. அன்னைக்கு நீங்க எங்க உக்காந்திருந்தீக? ஆட்டுக்குட்டிக்குப் பக்கத்துலயா?"

நாற்பது வருசம் பத்திரம் பார்த்த கண். புரை விழுந்திருந்தாலும் பொய்ச் சாட்சி தெரிந்துவிட்டது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான்தான் போட்டேன் என்று சொன்னேன். இன்னும் பத்து இடத்தில் போட்டிருக்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன். மறைத்தால் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்.

ஏன் என்று கேட்டார்.

"எம் புள்ளைக பேரு இருக்கு, எம் பொண்டாட்டி பேரு இருக்கு, கூரியர்க்காரப் பய பேரு இருக்கு. எம் பேரு மட்டும் எங்கயுமே இல்ல அண்ணாச்சி."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு ஆச்சரியமாகிவிட்டது.

"மொத நாளே ஒங்களத்தான கேட்டேன். ஒரு வரி, நின்னு கேளுங்கன்னேன். வேலை கெடக்கு அண்ணாச்சின்னுட்டீக."

எனக்கு நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன். யாரிடமும் நான் சொல்கிற வார்த்தை அது. உங்களிடமும்.

"அதுக்கப்புறம் நீங்க கேக்கவே இல்லையே."

"சாட்சிய ஒருக்கத்தான் கூப்பிடணும் தம்பி. மறுபடி கூப்பிட்டா வற்புறுத்துனதாப் போயிரும்."

மூன்று வருசம் அவர் கூப்பிடுவார் என்று நான் காத்திருந்தேன். நான் வருவேன் என்று அவர் காத்திருந்தார். நடுவில் ஒரு மேசை, ஒரு பெஞ்சு, ஒரு சட்டம்.

பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு கோர்ட்டில் கேட்கிற மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, உப்பளம் பற்றிய புத்தகத்தின் பெயரைச் சொல்லி, நாலாயிரத்துப் பன்னிரண்டு, உட்பிரிவு ரெண்டு, என்ன வரி என்று கேட்டார்.

எனக்கே தெரியாமல் என் வாய் சொல்லிவிட்டது. உப்பு அள்ளுகிற பெண் வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கும்போது குழந்தை அவள் தோளை நக்குகிற வரி.

அவர் நிமிர்ந்தார். இன்னொரு புத்தகம், இன்னொரு நம்பர். சொன்னேன். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவருடைய புத்தகத்தில் மூன்று. சொன்னேன். எல்லை கேட்டார். அதையும் சொன்னேன். வெளியே ஒரு பாட்டி முதியோர் பென்சன் மனுவோடு நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் ரெண்டு பேரும் அவளைக் கவனிக்கவில்லை. பதினைந்து இருபது கேட்டிருப்பார். ஒன்றில்கூட நான் தவறவில்லை. பெயரைத் தேடுகிறேன் என்று மூன்று வாரம் ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்தவன் அல்லவா? பவித்ரா, அவர் வரிகளில் உனக்கு நாற்பது மனப்பாடம். எனக்கு எத்தனை என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது.

அவர் கேட்பதை நிறுத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். புரைக்காகத் துடைத்தாரோ என்னவோ.

"கேட்டவனத்தான் நான் சாட்சிம்பேன். கேக்காமலே இம்புட்டயும் படிச்ச ஆளுக்கு என்ட்ட கட்டம் இல்ல தம்பி" என்றார்.

அந்தப் பதினோரு இடத்தை இப்போதே அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். தான் இருக்கும்போது அழித்தால், தான் மிரட்டி அழிக்க வைத்ததாக ஆகிவிடும் என்றார். தானும் அழிக்க மாட்டார். எழுதிக் கொடுத்தவர்தான் ரத்துப் பத்திரமும் எழுத வேண்டும். அதுவும் சுய நினைவோடு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல்.

பதினோரு பொய்யோடு அப்படியே ஒரு பென்டிரைவில் போட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். ஓசூரில் அவர் மகள் கம்ப்யூட்டரில் அந்த நூலகம் இருக்கிறது. வீட்டு வேலைக்காரம்மாவும் வாட்ச்மேனும் இப்போது சாட்சிகளாக இருக்கிறார்கள் என்று கேள்வி.

அவர் போன வாரத்து ஞாயிற்றுக்கிழமை. கடைக்கு விடுமுறை. கணக்கு வேலை கொஞ்சம் இருக்கிறது என்று உங்கள் அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு வந்து, ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, கம்ப்யூட்டரைப் போட்டேன். பதினோரு இடத்தையும் வரிசையாக எடுத்தேன். மல்லாங்கிணறு பஸ்ஸில் என் பெயரை அழித்தேன். பதிவு அலுவலக வேப்பமரத்தடியில் அழித்தேன். நான் அருப்புக்கோட்டைக்குப் போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமையில் அழித்தேன். ஒவ்வொரு முறையும் 'நிலுவை' என்று திரும்பத் தட்டினேன். பத்து முடிந்தது.

பதினோராவது, பாலைவனத்தில் பயணம் போன ஒருவருடைய புத்தகம். 'மூன்று நாள் நடந்துவந்த ஒட்டகம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது.' முதல் சாட்சி தினேஷ். எல்லைகளைப் படித்தேன். அவற்றை நானேதான் தமிழில் தட்டியிருக்கிறேன். பெயரைத் தேடிய அவசரத்தில் அர்த்தம் மனசில் ஏறவில்லை.

'கிழக்கு: ரோடு. வடக்கு: தினேஷ். தெற்கு: மனுக் குடுக்க வந்த ரெண்டு பேரு, காதுல வாங்கல. மேற்கு: மேசைல தட்டுற சத்தம் நின்னுபோச்சு.'

அந்த ஒன்றில் மட்டும் என் பெயரை அழிக்காமல், சேமித்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்தேன்.